நாலு கட்டைக்கு இரண்டு பேர்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கேகாலையில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு உறவுக்காரி ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு தகப்பன் எழுந்து, தன் மகனை இன்ன பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம், அந்தச் சேர்க்கையால் பரீட்சைப் புள்ளிகள் குறைகின்றன என்றார். வகுப்பாசிரியை குறித்துக்கொண்டார். மண்டபத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டினேன். மீதியை ஆட்ட முடியவில்லை. என் வயதுக்காரர்களே, நீங்கள் அங்கே இருந்திருந்தால் முழுதாகவே ஆட்டியிருப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

தேதி பிசகாமல் எழுதுகிறவள் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள் உங்களில் உண்டு. இதில் மாதமும் கிழமையும் மட்டுமே தருகிறேன். தேதிகளைச் சரிபார்க்க வேண்டிய தாள்கள் இன்று என்னிடம் இல்லை. சரிபார்க்காத தேதியை எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.

எங்கள் ரப்பர் தோட்டம் கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் இடையில் மலைச்சரிவில் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் டவுனில் இருந்த முஸ்லிம் பாடசாலைதான் கதி. நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். முதல் இரண்டு கட்டை ரப்பர் மரங்களுக்குள், பிறகு ஒரு வயல்வெளி, அதன் பிறகு தார் ரோடு. அந்த வருடம் ஒன்பதாம் ஆண்டை முடித்தவர்கள் ஐந்து பேர். மூன்று பையன்களும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் என் கூட்டாளியும்.

அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துவிட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். "ரெண்டு பேரா போறதுன்னா போகட்டும். ஒன்னு நின்னா மத்ததும் நிக்கட்டும்." பெண்பிள்ளையை அந்த ரப்பர் காட்டுக்குள் தனியாக அனுப்புகிற தாய் எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒருத்தியும் இல்லை. நாங்கள் படித்தது அரசாங்கத்தின் தயவால் என்று பின்னாளில் சொன்னார்கள். முதலில் படித்தது ஒருத்தியின் கால்களை நம்பி மற்றவள்.

நடக்கிற நேரமே எங்களுக்குப் படிக்கிற நேரம். லயத்து அறையில் விளக்கும் இல்லை, இடமும் இல்லை. கிரேக்க நாட்டில் நடந்துகொண்டே பாடம் சொன்ன ஆசிரியர்கள் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. போகும்போது நான் சரித்திரமும் தமிழும் சொல்வேன். திரும்பும்போது அவள் கணக்கு சொல்வாள். ஈர மண்ணில் குச்சியால் ஒரு முக்கோணத்தைக் கீறி, "எந்தப் பக்கம் தெரியாது? தெரியாததுக்கு மொதல்ல ஒரு பேரு வையி" என்பாள். நான் தப்பாகச் சொன்னால் திட்டமாட்டாள். அடுத்த வளைவு வரைக்கும் பேசாமல் நடப்பாள். அந்த மௌனம் தாங்காமல் நானே சரியான விடையைக் கண்டுபிடித்துவிடுவேன். நல்ல ஆசிரியர்கள் பலரைப் பிறகு பார்த்தேன். அப்படிப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒரு சில்லறைக் கடை இருந்தது. கடைக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதைப்போல, நானா என்று கூப்பிடுவோம். அவர் கடையில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கின. தினமும் கிழித்த தாள்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமைகளில் எங்களிடம் தருவார். "கிழிஞ்ச நாள் எல்லாம் ஒங்களுக்குத்தான் சேத்து வெச்சீக்கிறன்" என்பார். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் நாங்கள் கணக்குப் போட்டுப் பழகினோம். ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் கணக்கு. தேதிமேல் எனக்குப் பித்துப் பிடித்தது அப்படித்தான். தாள் சிறியது என்பதால் என் கூட்டாளி எழுத்தையும் சிறியதாக்கிக்கொண்டாள். வழிமுறையில் பாதியை மனதுக்குள் போட்டுவிட்டு விடையை மட்டும் ஓரத்தில் எழுதுவாள். நானோ ஒரு படிகூட விடாமல் எழுதுவேன். விட்டால் தொலைந்துபோவேன்.

டவுன் பிள்ளைகள் மோசமானவர்கள் இல்லை. ஆனால் எங்கள் வெள்ளைச் சீருடையில் ரப்பர் பால் தெறித்த இடங்கள் காய்ந்து கறுத்திருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. முன்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி ஒருநாள் மூக்கைப் பொத்தி, ஒட்டுப்பால் மணக்குது என்றாள். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலைத்தான் ஒட்டுப்பால் என்போம். அதன் புளித்த வாடை தோட்டத்துக்கு வராதவர்களுக்குக் குமட்டும். நான் தலையைக் குனிந்தேன். என் கூட்டாளி நிதானமாகத் திரும்பி, "ஒங்க வாப்பா காரு டயரையும் ஒருக்கா மோந்து பாருங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டாள்.

பதினோராம் ஆண்டில், வெசாக் பண்டிகை முடிந்து வந்த நோன்பு விடுமுறையில், மற்றப் பள்ளிக்கூடங்கள் நடக்க எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் மூடிக் கிடந்தது. அந்த ஒரு மாதமும் விறகு பொறுக்கப் போகிற சாக்கில் இருவரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து முக்கோணமும் வட்டமுமாகக் கேத்திர கணிதம் முழுவதையும் முடித்தோம். முதல் தவணையில் கணக்கில் எனக்கு அறுபத்து நாலு. அவளுக்கு எண்பத்தொன்று. டிசம்பரில் சாதாரண தரப் பொதுப் பரீட்சை. இருவரும் தேறிவிடுவோம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் இப்படி ஒரு கணக்கு வந்தது: ஒரு தோட்டத்தில் முந்நூறு ரப்பர் மரங்கள் உள்ளன, ஒரு மரம் நாளொன்றுக்கு ஐம்பது கிராம் பால் தருமாயின், ஜூன் மாதத்தில் கிடைக்கும் பால் எத்தனை கிலோகிராம்? வகுப்பு முழுவதும் நானூற்றைம்பது என்று எழுதியிருந்தது. நாங்கள் இருவர் மட்டும் இருநூற்றிருபத்தைந்து.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் கணக்கு ஆசிரியரான சேர் எங்களை எழுப்பி நிறுத்தினார். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அடிக்கமாட்டார், கூச்சல் போடமாட்டார். எங்கள் விடைத்தாள்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே பிழை. யாரு யார்ர பாத்து எழுதின?" என்று கேட்டார்.

நாங்கள் விழித்தோம். விடை பிழை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எங்கே பிழை என்று புரியாமல் நின்ற அந்த நிற்பு, திருடியவர்கள் நிற்பதைப்போல இருந்திருக்க வேண்டும். என் தாளில் எல்லாப் படிகளும் வரிசையாக இருந்தன. அவள் தாளில் ஓரத்தில் விடை மட்டும். சேர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பார்த்து எழுதியவள் அவள்தான், முன்பு எடுத்த எண்பத்தொன்றும் அப்படி வந்ததுதான் என்ற தீர்ப்பு அவர் முகத்தில் எழுதியாகிவிட்டது.

அன்று பின்னேரம் வயல்வெளியைத் தாண்டி ரப்பருக்குள் நுழைந்ததும் அவள் ஒரு மரத்தடியில் நின்றாள். அதன் வெட்டு காய்ந்திருந்தது. அடுத்த துண்டில் இருந்த மரங்களில் அன்று காலை வெட்டிய ஈரம் இன்னும் மினுங்கியது. மரத்துக்கு ஒருநாள் வெட்டு, மறுநாள் ஓய்வு. பால் வெட்டுகிறவர்களுக்கு இரண்டு துண்டுகள் உண்டு. இன்று இது, நாளை அது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். ஜூன் மாதம் என்றால் ஒரு மரத்துக்குப் பதினைந்து வெட்டு. எங்கள் இருவருடைய கையும் யோசிக்காமலே முப்பதை இரண்டால் பிரித்திருக்கிறது.

"முப்பது நாளும் வெட்டுனா மரம் செத்துப் போயிரும்டி. சேருக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாது போல."

"நாலு பக்கமும் ரப்பர வெச்சிக்கிட்டா?"

சிரித்துச் சிரித்து வேர்மேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். நாளைக்கு நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் வாய்க்காரி என்பார் என்றாள். சரியென்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெயர் எங்கள் 'ஏ' வகுப்பிலிருந்து 'பி' வகுப்பு வரவு இடாப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. சேர் என்னை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். "ஒங்களுக்கு நல்ல மூள ஈக்குது மகள். அந்தப் புள்ளையோட சேந்து வீணாக்கிக்க வாணாம்" என்றார். திங்கள் முதல் வியாழன் வரை பள்ளி விட்டபின் நாலரை மணிவரை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு. இனி நானும் அதில் ஒருத்தி. சம்பளம் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை என்பதால் அந்த வகுப்பில்லை.

முப்பதும் பதினைந்தும் என் நாக்கின் நுனியில் இருந்தன. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நல்ல மூளை என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லைக் கையில் வாங்கிக்கொண்டு வேறொரு பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அன்று அவள் கடை வாசலில் நாலரை மணிவரை காத்திருந்தாள். சொன்னாயா என்று கேட்டாள். நேரம் கிடைக்கவில்லை என்றேன். ஒரு வளைவு தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "சரி வுடு. என் கணக்கு சரின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

ஒன்றரை வாரம் அப்படிக் காத்திருந்தாள். நானா அவளை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுப்பார். ஆனால் அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். மூன்று மணிக்கு அவள் போய் உலை வைத்தால்தான் அந்த வீட்டில் சோறு. அவளுடைய அம்மா பீலியடியில் என் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் நேராகவே கேட்டாள்.

"அந்தக் கிளாஸுக்குப் போகாட்டி ஒனக்கு என்னா கொறைஞ்சிரும்?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, சேரே கூப்பிட்டுக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வார்களா, பின்னேரத்தில் தானே வயல்வெளிப் பாலம்வரை வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காலையிலும் பின்னேரத்திலும் அப்பா வந்தார். அவளோடு இரண்டு மணிக்கு நடக்க யாருமில்லை. அதன்பிறகு அவள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்தாள். வாரத்தில் நாலு நாள் வராத பிள்ளையை 'பி' வகுப்பில் யாரும் தேடவில்லை. தேடியிருந்தால், படிப்பில் அக்கறையில்லாத பிள்ளை என்று எழுதியிருப்பார்கள். ரப்பர்க் காய்கள் பட்பட்டென்று வெடித்துக் கொட்டைகள் தெறிக்கிற செப்டெம்பரில், கடைசி வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. காலையில் பால் வெட்டும் அம்மாவுக்குக் கைத்துணையாகப் போய்விட்டாள் என்று அவளுடைய பெரிய தம்பி வந்து சொன்னான். அன்று நானும் போகவில்லை. அந்த ஒருநாள் மட்டும் அம்மாக்களின் சட்டத்தை மதித்தேன்.

எனக்கு முன் வாங்கில் இடம் கிடைத்தது. அங்கே இருந்த மூன்று பேரும் மரியாதையானவர்கள். அழிறப்பர் கேட்டால் தருவார்கள், என் கொப்பியைப் பார்த்து நன்றாக எழுதியிருக்கிறீங்க என்பார்கள். இடைவேளையில் மூவரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றி உட்காருவார்கள். நான் குழாயடிக்குப் போய், தேவையில்லாமல் முகம் கழுவுவேன். ஒருநாள் யாரோ ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். காற்றுக்காகத்தான் இருந்திருக்கும். எனக்கு டயர் நினைவு வந்தது. சொல்கிற வாய் என்னிடம் இல்லை.

பின்னேரங்களில் அப்பா எனக்குப் பத்தடி முன்னால் கையில் கத்தியோடு நடப்பார். நல்ல மனிதர், பேச்சுத்தான் வராது. நான் மனதுக்குள் கணக்குப் போட முயல்வேன். கேள்வி கேட்க ஆளில்லாமல் எனக்கு விடை வராது என்பதை அந்த நாலு கட்டையில்தான் கண்டுபிடித்தேன். நானாவின் தகரத்தில் தாள்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவர் தருவார், நான் வாங்கிக் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் போடுவேன். ஒன்றிலும் எழுதவில்லை. பழையதும் புதியதுமாக அந்தக் கட்டு முழுவதையும் அடுத்த மழையில் கறையான் தின்றுவிட்டது. நவம்பரில் நடந்த மாதிரிப் பரீட்சையில் கணக்கில் எனக்கு முப்பத்தெட்டு. சேர் வருத்தப்பட்டு, விசேட வகுப்பை அரைமணி நேரம் கூட்டினார்.

பரீட்சை அனுமதி அட்டைகள் வந்தபோது அவளுடையதையும் என்னிடமே தந்து, வரச் சொல்லும்படி சேர் சொன்னார். விண்ணப்பம் முன்பே போயிருந்ததால் அவளுக்கும் சுட்டிலக்கம் இருந்தது. என் இலக்கத்துக்கு முந்தியது. நான் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அவளும் அம்மாவும் பால் வடியும் சிரட்டைகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாவாடையில் கையைத் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். எட்டுப் பாடத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். அவளுடைய அம்மா, தான் ஒற்றையாளாக இரண்டு துண்டையும் எப்படி வெட்டி முடிப்பது என்று என்னிடம்தான் கேட்டாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

டிசம்பரில் பரீட்சை மண்டபத்தில் எனக்கு முன்னால் இருந்த மேசை காலியாக இருந்தது. முதல்நாள் மேற்பார்வையாளர், அந்தப் பிள்ளை வருமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். இரண்டாம் நாள் கேட்காமலே சிவப்புக் கோடு போட்டார்.

கணிதம் ஒரு புதன்கிழமை. முந்திய இரவில் தொடங்கிய மழை விடியும்போதும் நிற்கவில்லை. மரம் நனைந்திருந்தால் பாலில் தண்ணீர் கலந்துவிடும். பால் வெட்டு கிடையாது. இருட்டு விலகுகிற நேரத்தில் எங்கள் லயத்து வாசலில் சாக்கைத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். உள்ளே சீருடை. மூன்று மாதத்தில் அதன் கை குட்டையாகிவிட்டிருந்தது.

"வேல இல்ல. அம்மா போயிட்டு வான்னுச்சு," என்றாள்.

அட்டைக் கடிக்கு உப்புத் தடவிக்கொண்டு நடந்தோம். நான் வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன், அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் பேசாமல் இருந்தாள். இரண்டையும் திருத்தினேன். பாலம் வரும்போது, "வட்டம் வந்தா பயந்துக்காத. மொதல்ல படத்தப் போடு" என்றாள். மண்டபத்தில் அவளுடைய பின்னலிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டியது. அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அந்த முதுகு முன்னால் இருந்ததே எனக்குப் போதும். வட்டம் வந்தது. படத்தைப் போட்டேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். மேசை காலி.

ஏப்ரலில் பெறுபேறு வந்தது. அதிபரின் அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி, மற்றவற்றிலும் குறையில்லை. எனக்கு மேல் வரியில் ஏழு இடத்தில் சமூகமளிக்கவில்லை என்று இருந்தது. எட்டாவதான கணிதத்தில் விசேட சித்தி, எல்லாவற்றிலும் உயர்ந்த தரம். 'பி' வகுப்பில் வேறு யாருக்கும் அது இல்லை. சேர் அந்த வரியை விரலால் இரண்டுமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் சொன்னேன்: மரத்துக்கு ஒருநாள் வெட்டு, ஒருநாள் ஓய்வு.

"அத அன்டைக்கே செல்லி ஈக்கலாமே மகள்."

"யாரு யாரப் பாத்து எழுதினதுன்னுதான் கேட்டீங்க சேர்."

அவர் அந்த வரியை இன்னொருமுறை வாசித்தார். பிறகு, நாளைக்கே அவளை வரச் சொல்லு, மற்ற ஏழு பாடத்தையும் டிசம்பரில் எழுதட்டும், 'ஏ' வகுப்பில் இடம் வைத்திருக்கிறேன், அவளுடைய அம்மாவிடம் வேண்டுமானால் நானே வந்து பேசுகிறேன் என்றார். இதை அவர் சொன்னபோது என்னை மகள் என்று கூப்பிடவில்லை.

அன்று முதல்முறையாக நாலு கட்டையும் தனியாக ஓடினேன். அவள் பீலியடியில் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தை மாதமே தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், "ஒன்னு எழுதுனேன், ஒன்னும் பாஸு. எழுதுனது பூராவும் பாஸான ஆளு நான்" என்று சிரித்தாள். சேர் சொன்னதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. வாளியைக் கீழே வைத்தாள். யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. அந்த முகத்தை, மண்ணில் அவள் கீறிய முக்கோணங்களுக்கு மேல், நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

"நீ?" என்றாள்.

"கண்டிக்கு. சித்தி வீட்டுல நின்னு உயர்தரம் படிக்க."

"எப்ப?"

"வர்ற திங்கக்கெழம."

தலையை ஆட்டினாள். வாளியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினாள்.

"அப்ப நான் யாருகூட நடக்குறது?"

குத்திக்காட்டவில்லை. எனக்கு விடை தெரியும் என்று நம்பிக் கேட்டதைப்போல இருந்தது. நான் தெரியாமல் நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. பேசாமல் அடுத்த வாளியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள், முன்பு வளைவு வரும்வரை எனக்கு அவகாசம் தருவாளே, அப்படி. அந்தத் தடவை என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ரம்புக்கனையில் கண்டி ரயில் ஏறினேன். சேர் சொன்னபடி ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்து அவளுடைய அம்மாவைப் பார்த்தார் என்றும், நாலு கட்டையையும் நடந்தே வந்தார் என்றும், 'ஏ' வகுப்பில் அந்த இடத்தை ஒரு தவணை முழுக்க வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தார் என்றும், அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது கடை நானா சொன்னார்.